நில்லுங்க மேடம் வரைந்த நிறுத்தம்

எங்கள் நகரமைப்பு அலுவலகத்தில், இரண்டாவது மாடியில், என் மேசைக்கு அடுத்த மேசை மேடத்துடையது. அவர் திட்ட அதிகாரி, நான் வரைவாளர். எந்தத் தெரு எங்கே திரும்ப வேண்டும் என்று அவர் சொல்வார். நான் அதைக் காகிதத்தில் திருப்பிக் கொடுப்பேன். பதினாறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. இடையில் இரண்டு தலைமை அதிகாரிகள் ஓய்வு பெற்றுப் போனார்கள், ஜன்னல் பக்கத்து ஏசி மூன்று முறை மாறியது. நாங்கள் இருவரும் மட்டும் இடம் மாறவில்லை.

செவ்வாய், வியாழன் காலைகளில் பத்து மணிக்கு மேல் அவர் நாற்காலி காலியாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் நகரமைப்புப் படிக்கிற மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப் போய்விடுவார். புத்தகம் படித்தே பேராசிரியர் ஆனவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், களத்தில் வேலை பார்க்கிற ஒருவர் வேண்டும் என்று அந்தத் துறைத் தலைவர் கேட்டாராம். ஒரே ஒரு பருவத்துக்கு என்று ஒப்புக்கொண்டார். ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

வகுப்பில் அவர் வேறு ஆள். அலுவலகத்தில் அவர் பேசுவது எதிர் நாற்காலிக்கே பாதிதான் கேட்கும். தலைமை அதிகாரி, என்ன சொன்னீர்கள் என்று இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார். மேடத்தின் பல திட்டங்கள் அப்படித்தான் ஒப்புதல் பெற்றன. அதே குரல் வகுப்பில் கடைசி பெஞ்சைத் தாண்டி வராந்தா வரைக்கும் வரும். ஒரு நாள் அவசரக் கையெழுத்துக்காக வரைபடச் சுருளோடு நான் அங்கே போனபோது, மாடிப்படி ஏறுகையிலேயே கேட்டது.

"ஒரு இடத்தை மாத்தணும்னு நினைச்சா, முதல்ல அங்க போய் ஒரு மணி நேரம் நில்லுங்க. போன் பாக்காதீங்க. போட்டோ எடுக்காதீங்க. சும்மா நில்லுங்க. யாரு எங்க நடக்கறாங்க, எங்க தயங்கறாங்கன்னு அந்த இடமே காட்டிக் கொடுத்துடும்."

நான் கதவோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அன்று காலை ஒன்பதரை மணிக்குத்தான், ஒரு கையில் பிஸ்கெட்டைப் பிடித்தபடி, நாற்காலியை விட்டு எழாமலே இரண்டு தெருக்களுக்கு அகலம் முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். எனக்கு வேலை முக்கியம்.

ஒவ்வொரு பருவத்திலும் அந்தப் பேச்சு உண்டு. அதனால் மாணவர்கள் அவருக்கு 'நில்லுங்க மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். வருத்தம் எல்லாம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவர் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மாடியில் கணவரின் அக்கா குடியிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தைந்து வருட வேலை. மேடம் அவரை அண்ணி என்று கூப்பிடுவார். மாலை ஆறு மணிக்கு மூவரும் கீழே ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்த நேரத்தில் அண்ணி தவறாமல் ஒரு ஆளைத் திட்டுவார். யார் என்று அவருக்கே தெரியாத ஆள். ஆஸ்பத்திரிப் பேருந்து நிறுத்தத்தை அங்கே கொண்டுபோய் வைத்த ஆள்.

முன்பு அந்த நிறுத்தம் ஆஸ்பத்திரியின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. பதின்மூன்று வருடத்துக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது, எதிர்ப் பக்கத்திலேயே நூற்றெழுபது அடி தள்ளிக் கிழக்கே நகர்த்தினார்கள். சாலை நடுவே இடுப்பு உயரத்துக்குச் செடி வைத்த மீடியன் வந்தது. கடப்பதற்கு வெள்ளைக் கோடு போட்டார்கள். ஆனால் அது வாசலுக்கு மேற்கே, நிறுத்தத்துக்கு நேர்மாறான திசையில். சட்டப்படி கடக்க நினைப்பவர் நிறுத்தத்துக்கு முதுகைக் காட்டி நடந்துபோய், கடந்து, அவ்வளவு தூரத்தையும் திரும்ப நடந்து வர வேண்டும். கையில் கட்டுப் போட்டவர், எக்ஸ்ரே கவரைத் தூக்கியவர், குழந்தையை இடுப்பில் வைத்தவர் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். செடிகளுக்கு நடுவே புகுந்து தாண்டினார்கள். பூங்காத் துறை வருடா வருடம் அந்த இடத்தில் புதுச் செடி நடும். இரண்டே மாதத்தில் பழையபடி வழி விழுந்துவிடும்.

போதாததற்கு, நிழற்குடையின் நிழல் காலை முழுக்கச் சாலையில்தான் விழும். பேருந்துகளுக்கு நல்ல நிழல். உட்காருகிற பெஞ்சு வெயிலில் காயும்.

"எவன் வரைஞ்சானோ, அவனை ஒரு நாள் அந்த பெஞ்சுல உக்கார வைக்கணும்," என்பார் அண்ணி.

மேடம் டீயை ஊதிக்கொண்டே, "ஆமா அண்ணி, யோசனையே இல்லாம பண்ணியிருக்காங்க," என்பார்.

பண்ணியிருக்காங்க என்று பன்மையில் சொன்னதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. கணவர் அந்த நேரம் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவாராம். வரைந்தது யார் என்று அவருக்குத் தெரியும். பதினோரு வருடமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. திட்டம் போட்டது மேடம். வரைந்தது நான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், பருவத்தின் நடுவில், மேடம் வழக்கமான பயிற்சியைக் கொடுத்தார். மூன்று பேராகச் சேர்ந்து ஊரில் ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் நின்று, என்ன கோளாறு என்று எழுத வேண்டும். ஒரு குழு ஆஸ்பத்திரி நிறுத்தத்தை எடுத்துக்கொண்டது. அந்தக் குழுவில் ஒரு பெண் உண்டு. குரல் கணீரென்று இருப்பதால் வகுப்பில் அவளுக்கு 'மைக்' என்று பெயர். அவளுடைய அப்பா அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் அந்த நிறுத்தம் அவளுக்குப் பழக்கம். ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னால், மூன்று நாளில் மொத்தம் ஏழு மணி நேரம் நின்றிருந்தார்கள். சாலையைக் கடந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வெள்ளைக் கோட்டில் கடந்தவர்கள் முப்பத்தொன்று. அதிலும் நான்கு பேர் ஒரே நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரே குடும்பம்.

ரிப்போர்ட்டின் முதல் வரைவை மேடம் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் படித்தார். மூன்றாவது பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: "இந்நிறுத்தத்தைத் திட்டமிட்டவர் பேருந்தில் போகாதவர், வெயிலில் நிற்காதவர், நோயாளி எவருடனும் துணைக்குச் செல்லாதவர் என்று கருத இடமிருக்கிறது."

சிவப்புப் பேனா அந்த வாக்கியத்தின் மேல் வந்து நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு அடுத்த வரிக்கு இறங்கி, அங்கே இருந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியது.

"என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றார். அது எதிர் நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் பாடத்தில் இன்னொரு விதியும் உண்டு: ஒரு இடத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் பழைய வரைபடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். நல்ல மாணவர்கள். தேடி வந்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்கள்.

எங்கள் ஆவண அறை தரைத்தளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் 'பரண்' என்போம். எதைக் கேட்டாலும் மேலே எங்கேயோ இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார். அன்று அவர் மேடத்துக்குப் போன் செய்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார், எனக்கும் கேட்டது.

"மேடம், உங்க ஸ்டூடண்ட்ஸ் மூணு பேர் வந்திருக்காங்க. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப் டிராயிங் வேணுமாம். எடுத்துப் பாத்தேன், உங்க கையெழுத்துதான் இருக்கு. பக்கத்துல நம்ம வரைவாளர் சார் கையெழுத்தும் இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, பாசத்தோடு சொன்னார்: "ஃபைல் காணோம்னு சொல்லிடவா? எனக்கு அதுல ஒண்ணும் சிரமம் இல்ல."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மனதுக்குள், காணோம் என்று சொல்லச் சொல்லுங்கள் மேடம் என்று வேண்டிக்கொண்டேன். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

"நாளைக்கு வரச் சொல்லுங்க," என்றார் மேடம். போனை வைத்தார். பிறகு திரும்பவும் பரணைக் கூப்பிட்டு, நாளைக்கு வந்தால் கட்டாயம் கொடுத்துவிடுங்கள், நகல் தெளிவாக இருக்கட்டும் என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ரிப்போர்ட்ல 'திட்டமிட்டவர்'னுதான் போட்டிருக்காங்க. உங்களைச் சொல்லல," என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, பொறாமையில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்று புதன்கிழமை. மதியம் ஒரு மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு நடந்தது அவரே எனக்குச் சொன்னது.

ஆஸ்பத்திரி வளாகத்தில் காரை நிறுத்திவிட்டு எதிர்ப் பக்கம் போக வேண்டும். விதிப்படி மேற்கே நடந்து, வெள்ளைக் கோட்டில் கடந்து, கிழக்கே வந்தார். வழியில் ஒரு செருப்பு வார் அறுந்தது. நிறுத்தத்துக்கு வந்ததும் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். மாணவர்களுக்குச் சொன்ன விதி. பெஞ்சில் கை வைத்துப் பார்த்தார், சூடு. நின்றார்.

முதல் பத்து நிமிடம், ரிப்போர்ட்டில் எங்கே மிகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று தேடினாராம். அடுத்த இருபது நிமிடத்தில், அவர்கள் எழுதாமல் விட்டவற்றை எண்ண ஆரம்பித்தாராம். ஓட்டுநருக்கு நிறுத்தம் தெரிவதற்கு முன் விளம்பரப் பலகை மறைக்கிறது. தண்ணீர் தேங்குகிற பள்ளம் சரியாகப் பேருந்தின் படிக்கட்டு வந்து நிற்கிற இடத்தில் இருக்கிறது. மீடியனைத் தாண்டி வருகிறவர்கள் முதலில் பையை வீசுகிறார்கள், பிறகு தாங்கள் வருகிறார்கள். ஒருவர் ஊன்றுகோலை வீசினார்.

இரண்டே கால் மணிக்கு அந்தச் செடிச் சந்து வழியாக, பழகிய லாகவத்தோடு, ஒரு பெண்மணி வெளிப்பட்டார். அண்ணி. காலை ஷிப்ட் முடிந்து வருகிறார்.

"நீ எங்க இங்க?"

"சும்மா நின்னுட்டு இருக்கேன் அண்ணி."

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அறுந்த செருப்பைப் பார்த்தார். மயக்கம் வந்திருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்தார். ஒன்றுமில்லை என்று மேடம் சொன்னது எடுபடவில்லை. அண்ணி ஒருவர் கையைப் பிடித்தால், ஊசி ஏறாமல் விடுகிற வழக்கம் இல்லை. வந்த வழியே இழுத்துக்கொண்டு போனார். அப்படியாக மேடம், நகரமைப்புத் திட்ட அதிகாரி, தான் போட்ட மீடியனில் தானே ஏறினார். பாதி வழியில், செடிகளுக்கு நடுவே, அந்தப் பக்கம் லாரிகளாக வந்ததால் இருவரும் நிற்க வேண்டியதாயிற்று.

முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. சொல்வதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது என்று தெரிந்தே சொன்னார்.

"அண்ணி, இதை வரைஞ்சது நான்தான்."

"எதை?"

"இதை. இந்த மீடியன், அந்த ஸ்டாப், அந்த பெஞ்சு, எல்லாமே."

லாரிகள் போய் முடிந்தன. சாலை காலியாக இருந்தது. அண்ணி நகரவில்லை.

"பதினோரு வருஷமா என்கூட உக்காந்து நீயும் திட்டினியே," என்றார்.

"மனசாரத்தான் அண்ணி திட்டினேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று மேடத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை மட்டும் விடவில்லையாம். ரத்தமும் எடுத்துவிட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்று மாலை டீயின்போது அண்ணி தம்பியைப் பார்த்து, "உனக்கும் தெரியுமாடா?" என்று கேட்டிருக்கிறார். கணவர் கண்ணாடியைக் கழற்றக் கை கொண்டுபோய், பாதியிலேயே கையை இறக்கிவிட்டாராம். பிறகு, வீட்டு அமைதிக்காக என்று நினைத்துக்கொண்டு, தன் மனைவிக்குத் தூரப் பார்வை அருமை, கிட்டப் பார்வைதான் கொஞ்சம் மட்டு என்று தொழில் முறையில் ஒரு கருத்துச் சொன்னார். நான்கு நாள் அவருக்குக் கடையிலேயே மதியச் சாப்பாடு.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் குழு வகுப்பில் பேச வேண்டிய நாள். நீங்களும் வாருங்கள் என்று மேடம் என்னைக் கூப்பிட்டார். எதற்கு என்றேன். துணைக்கு என்றார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

மைக்கும் மற்ற இருவரும் முன்னால் வந்தார்கள். படம், எண்ணிக்கை, நிழல் விழுகிற கோணம், எல்லாம் கச்சிதம். கடைசியாகப் பழைய வரைபடத்தைத் திரையில் போட்டார்கள். என் கோடுகள். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கீழே வலது மூலையில், யார் திட்டம், யார் வரைந்தது, என்ன தேதி என்று எழுதியிருக்கிற தலைப்புக் கட்டத்தின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டிப் படம் எடுத்திருந்தார்கள். மரியாதை. மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விஷயம் வகுப்பு முழுக்கத் தெரியும் என்பது அங்கிருந்த அமைதியிலேயே தெரிந்தது.

"தலைப்புக் கட்டம் இல்லாம வரைபடம் காட்டினா எத்தனை மார்க் குறைப்பேன்?" என்று மேடம் கேட்டார்.

"அஞ்சு மேடம்," என்றாள் மைக். அன்று அந்தக் குரலும் மேடத்தின் அலுவலகக் குரலாகிவிட்டது.

"அப்ப முழுசாக் காட்டுங்க."

அடுத்த படத்தைப் போட்டார்கள். அதையும் தயாராகத்தான் வைத்திருந்தார்கள். மேடத்தின் கையெழுத்து திரையில் ஓர் ஆள் உயரத்துக்கு வந்தது. பக்கத்தில் என்னுடையது, கொஞ்சம் சின்னதாக.

மேடம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த வாரத்தில் ஒன்பது வரைபடங்கள் முடிக்க வேண்டியிருந்தது என்றார். வாசலுக்கு எதிரே சாலைக்கு அடியில் பெரிய குடிநீர்க் குழாய் போகிறது, அதன் மேல் நிழற்குடை கட்டக் கூடாது என்றார்கள். வாசலில் கூட்டம் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி நிர்வாகமும் கேட்டது. குழாயை எங்கே தாண்டலாம் என்று வரைபடத்தில் பார்த்தேன், நூற்றெழுபது அடியில் இடம் கிடைத்தது, வைத்தேன் என்றார். அலுவலகத்துக்குள் உட்கார்ந்து பார்த்தால் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது என்றார். பிறகு, நீங்கள் வேலைக்குப் போனால் உங்களுக்கும் ஒரு வாரத்தில் ஒன்பது வரும், அப்போது என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசியுங்கள் என்றார்.

மைக்தான் கேட்டாள்.

"மேடம், நீங்க அங்க ஒரு மணி நேரம் நின்னீங்களா?"

"நின்னேன்."

"எப்ப மேடம்?"

"போன புதன்கிழமை."

முதலில் சிரித்தது மேடம்தான். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள், நானும்கூட. அந்தக் குழுவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. விளம்பரப் பலகையைக் கவனிக்காததற்கு ஐந்தும், தண்ணீர்ப் பள்ளத்துக்கு நான்கும் குறைத்துவிட்டார். ஏழு மணி நேரம் நின்றும் தெரியவில்லையா என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார்.

நிறுத்தத்தை மாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. பதினோரு வருடத்தில் ஒரு புகார்கூட வரவில்லையே என்றார் தலைமை அதிகாரி. மீடியனைத் தாண்டுகிற ஆளுக்குப் புகார் எழுத நேரம் ஏது என்று மேடம் சொன்னார். அதை அவர் வகுப்புக் குரலில் சொன்னார் என்பதுதான் விசேஷம். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலைமை அதிகாரிக்கு முதல் தடவையாக எல்லாமே கேட்டது, அதனாலேயே பயந்துபோய் ஒரு குழு அமைத்தார். மாணவர்களின் ரிப்போர்ட் அதில் இணைப்பாகச் சேர்ந்தது. 'கருத இடமிருக்கிறது' வாக்கியத்தை எடுத்துவிடலாமே என்று குழுவில் ஒருவர் இரக்கப்பட்டுச் சொன்னார். இருக்கட்டும் என்றுவிட்டார் மேடம்.

பதினான்கு மாதம் ஆனது. மீடியனில் செடிகளுக்கு நடுவே விழுந்திருந்த அதே வழியை அகலப்படுத்தி, அங்கேயே சிக்னலோடு கடக்கும் பாதை போட்டார்கள். புது வரைபடத்தை வரைந்ததும் நான்தான். அதற்கு முன் என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டார். குழாயைத் தொடாமல் நிறுத்தத்தைத் தொண்ணூறு அடிதான் திரும்ப நகர்த்த முடிந்தது. மீதி எண்பது அடி அப்படியே இருக்கிறது. பெஞ்சு இப்போது நிழலில். பரவாயில்லை, ஆனால் பச்சை விளக்கு சீக்கிரம் அணைந்துவிடுகிறது என்பது அண்ணியின் தீர்ப்பு. இப்போது யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் மாலை டீயின்போது நேரடியாகவே சொல்லிவிடுகிறாராம். மேடம் குறித்துக்கொள்கிறார்.

மைக் படிப்பை முடித்துவிட்டு எங்கள் அலுவலகத்திலேயே சேர்ந்திருக்கிறாள். அப்பாவும் குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் வாரமே அவள் மேசையில் ஏழு வரைபடங்கள். இரண்டாம் நாள் அவள் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு வளைவை முடிவு செய்வதைப் பார்த்தேன். மேடமும் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து மைக் தானாகவே எழுந்து, வெளியே போய்விட்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மேடம் இப்போது செவ்வாய், வியாழனில் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் போகிறார். இரண்டு தடவை வகுப்புக்குத் தாமதமாகி, மாணவர்கள் வருகைப் பதிவேட்டில் அவருடைய பெயரையும் எழுதித் தாமதம் என்று குறித்துவைத்தார்கள். அலுவலகத்துக்கு மட்டும் இன்னும் காரில்தான் வருகிறார். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல் அதைக் கேட்டுவிட்டேன்.

"வாரத்துல ரெண்டு நாள் திருந்தியிருக்கேன்ல? மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு, நான் வரைந்துகொண்டிருந்த தெருமுனையில் நடைபாதை ஒன்றரை அடி குறைவதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னார்.